ஏழு நரம்புச் சீறியாழ்: பாட்டிலிருந்து பட்டறைக்கு

இந்த அதிகாரத்தைப் படித்து, அதன்படி வேலை செய்து முடிக்கும்போது உங்கள் மடியில் ஏழு நரம்புள்ள ஒரு சீறியாழ் இருக்க வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்து மரப் பட்டறை ஒன்றில் இருக்கும் உளியும் வாய்ச்சியும் இழைப்புளியும் இதற்குப் போதும். குமிழ்த்தேக்கும் கருவேலமும் சுற்று வட்டாரத்திலேயே கிடைக்கும். பட்டு நூல் காஞ்சிபுரத்தில் கிடைக்கும். ஆட்டுத் தோலை மேளம் கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

ஐரோப்பாவில் பழைய விசைப்பலகைக் கருவிகளை மீட்டெடுத்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஆர்னால்ட் டால்மெட்ச் 1896-இல் லண்டனில் தம் முதல் ஹார்ப்சிகார்டைச் செய்தபோது, பல நூற்றாண்டுப் பழைமையுள்ள கருவிகள் அங்கே பழுதுபார்க்கும் நிலையில் இருந்தன. அவற்றை அளந்து பார்த்தார்கள், திறந்தும் பார்த்தார்கள். நமக்கு அப்படி ஒரு சங்க கால யாழ்கூட மிஞ்சவில்லை. கையில் இருப்பவை பாட்டும் உரையும் சிற்பமும்தான்.

ஆனால் அந்தப் பாட்டு காஞ்சி மண்ணின் பாட்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படைக்கு 500 அடி. அதன் தொடக்கத்தில், முதல் பதினாறு அடிக்குள், யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்துவிடுகின்றன. கையில் கருவியை வைத்துக்கொண்டு பார்த்தவர் சொன்னது போல அவ்வளவு நுட்பமாக இருக்கிறது.

ஆகவே இந்த வேலைக்கு ஒரே விதிதான். பாட்டு சொல்லியிருப்பதை மாற்றாதீர்கள். பாட்டு சொல்லாத இடத்தில், இன்றும் வாசிப்பில் இருக்கும் வளைந்த யாழான பர்மாவின் சவுங்கைப் பாருங்கள். அங்கும் விடை இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்ததைச் செய்து, “இது என் சேர்க்கை” என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுதி வைக்காத சேர்க்கை பத்து ஆண்டில் “மரபு” ஆகிவிடும். அடுத்து செய்பவரை ஏமாற்றும் வேலை அது.

விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. இசைக் கணக்குக்கு அதைப் படியுங்கள். அண்மை ஆண்டுகளில் சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் கருவி செய்துவரும் தருண் சேகர் ஏழு நரம்பு யாழைச் செய்து மேடைக்கும் கொண்டுவந்தார். செய்ய முடியும் என்பதில் இனி ஐயம் இல்லை.

பாட்டைப் பட்டியலாக்குங்கள்

மரத்தைத் தொடுவதற்கு முன் பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையையும் எடுத்து, உறுப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பத்தர்: குடைந்த உடல். ஒலி பிறக்கும் கூடு.
2. போர்வை: பத்தரை மூடும் தோல். பாதிரிப் பூவின் உள்ளிதழ் நிறம் ஊட்டியது. விளிம்புகள் சேருமிடம் உருக்கி வார்த்தது போல் கண்ணுக்குத் தெரியாது. துளைகள் நெருக்கமானவை.
3. வறுவாய்: நீர் வற்றிய சுனை போல உள்ளே இருள் தங்கிய வாய்.
4. கவைக்கடை: பின்பக்கம் பிறை போல ஏந்திய கடைப்பகுதி.
5. மருப்பு: கரிய, பளபளப்பான, வளைந்த தண்டு. கோடு என்றும் சொல்வார்கள்.
6. திவவு: மருப்பில் நரம்பைக் கட்டும் வார்க்கட்டு. மங்கையின் முன்கை வளைபோல நெகிழவும் இறுகவும் செய்யும்.
7. நரம்பு: பொன்னை இழைத்தது போல, முறுக்கு வெளியே துருத்தாமல் உள்ளடங்கியது.

பெரும்பாணர் கையில் இருந்தது பேரியாழ். அதற்கு 21 நரம்பு என்பது உரை மரபு. முதல் யாழுக்கு அதை எடுக்காதீர்கள். ஏழு நரம்பு சேர்ந்தே சுமார் 20 கிலோ இழுக்கும். இருபத்தொன்றின் இழுவையைத் தாங்கும் மூட்டைச் செய்ய நல்ல அனுபவம் வேண்டும். உறுப்புகள் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் பேரியாழின் விவரத்தை வைத்து ஏழு நரம்புச் சீறியாழைச் செய்கிறோம். குறிப்பேட்டில் எழுத வேண்டிய முதல் சேர்க்கை இதுதான்.

உருவத்துக்குச் சிற்பம் உதவும். அமராவதிச் சிற்பங்களில் வளைந்த யாழ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கூடம் இருக்கிறது. சமுத்திரகுப்தனின் பொற்காசிலும் அரசன் மடியில் வளைந்த யாழைக் காணலாம். வளைவையும் பிடிக்கும் விதத்தையும் மட்டும் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி கல்லுக்கு ஏற்பத் தடிமனை மாற்றியிருப்பார். அளவை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

எந்த மாதம் எந்த வேலை

தோல் வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்றிய தோல் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு காய்ந்தது போல் நடிக்கும். தை பிறந்ததும் இறுகிப் பத்தரை நெளித்துவிடும். மழைக்காலத்தில் குடைதலும் நரம்பு முறுக்குதலும் செய்யலாம்.

மரம் தேர்தல்

பத்தருக்குக் குமிழ்த்தேக்கு நல்லது. இலேசானது, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் அசையாது. பலா அதைவிடக் கனம், ஒலி இன்னும் உருண்டு வரும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவை எடுப்பது காரணத்தோடுதான். முதல் முறை என்றால் குமிழையே எடுங்கள்.

மருப்புக்கு நாட்டுக் கருவேலம். வளைந்த பலகையை நேர்மரத்திலிருந்து அறுத்தெடுக்கவே கூடாது. அறுத்தால் மர இழை வளைவின் நடுவில் வெட்டுப்பட்டு, இழுவை ஏறியதும் அங்கேயே பிளக்கும். இயற்கையாக வளைந்து வளர்ந்த கிளைதான் வேண்டும். ஏர்க்கலப்பைக்கு வளைவு பார்த்து மரம் எடுத்துப் பழகிய மூத்த ஆசாரிகள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் தாளில் வளைவை வரைந்து காட்டுங்கள். எந்த வேலியில் எந்தக் கிளை நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஏரிக்கரைக் கருவேலத்தில் கை வைக்காதீர்கள். அது பொதுச் சொத்து. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே, 919-லும் 921-லும், ஏரிக்கு என்று தனி வாரியம் இருந்தது பதிவாகியிருக்கிறது. பட்டா நிலத்து மரத்தை உரிமையாளரிடம் விலை பேசி வாங்குங்கள்.

மரத்தில் குற்றம் பார்க்க, சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் யாழ்ப்போட்டிப் பகுதியைப் படியுங்கள். கொண்டுவந்து கொடுத்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான்: நீரில் நின்று இளகிய மரம், வாள் பட்ட மரம், இடி விழுந்த மரம். இன்றைக்கும் தச்சர் தள்ளும் காரணங்கள் இவையே. நீரில் ஊறிய மரம் தட்டினால் மொத்தென்று கேட்கும். வெட்டுப்பட்டு ஆறிய இடத்தில் இழை சுழித்திருக்கும். இடி விழுந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத நீளப் பிளவு ஓடும்.

*சோதனை:* கட்டையின் ஒரு முனையை விரலால் தட்டி, மறுமுனையில் காதை வையுங்கள். ஒலி தெளிவாக வந்தால் உள்ளே பிளவு இல்லை.

அறுத்த கட்டையின் இரு முனைகளிலும் சாணத்தையோ மெழுகையோ தடித்துப் பூசி நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது காய்ச்சலுக்குப் பழைய கணக்கு. அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் மரவாடியில் பழைய வீட்டு உத்திரத் துண்டாகக் கேட்டு வாங்கலாம். ஆணி இருந்த துளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் ஒத்திகை: இடையனின் வில்யாழ்

நேராகப் பத்தரைக் குடைய வேண்டாம். அதே பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் இடையன் உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் (மருள்) நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் வாசிக்கிறான். ஒரே மாலையில் செய்துவிடலாம்.

1. கட்டைவிரல் பருமனுள்ள, 90 செ.மீ. நீளப் பச்சைக் குமிழங்கொம்பு எடுங்கள். கிடைக்காவிட்டால் மூங்கில் பிளாச்சு.
2. மருள் அல்லது கற்றாழை நாரை ஊறவைத்துச் சீவி, இரண்டு புரியாக முறுக்குங்கள்.
3. கொம்பை வில்லாக வளைத்து நாரைக் கட்டி, மெல்லச் சுண்டுங்கள்.
4. வில்லின் ஒரு முனையை ஒரு காலி மண்பானையின் வாயில் வைத்து மீண்டும் சுண்டுங்கள்.

மூன்றாம், நான்காம் படிகளில் கேட்கும் ஒலி வேறுபாடே பத்தரின் வேலை. இதைக் காதால் கேட்டுவிட்டால், பத்தரின் சுவரை ஏன் மெல்லியதாக்க வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முழு அளவு வரைபடம்

4 அடிக்கு 3 அடி ஒட்டுப்பலகையில் யாழை முழு அளவில் பக்கவாட்டாக வரையுங்கள். சிறிய தாளில் வரைந்து பெருக்கினால் திவவுகளின் இடம் தவறும்.

பத்தர் 55 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம். முதல் சுரமான குரலை ஐந்து கட்டையில், அதாவது விநாடிக்கு 196 அதிர்வில் வைத்துக்கொண்டால், நரம்புகளின் அதிரும் நீளம் இப்படி வரும்: குரல் 60 செ.மீ., துத்தம் 53, கைக்கிளை 48, உழை 45, இளி 40, விளரி 36, தாரம் 34. சுருதி ஏறும் அளவுக்கே நீளம் குறைகிறது. அதனால் ஒரே பருமனுள்ள நரம்புகளில் இழுவை ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

1. பத்தரை வரைந்து, மேல் விளிம்பில் மருப்புப் பக்கத்தில் குடையாமல் விடப்போகும் 12 செ.மீ.ஐத் தாண்டி முதல் புள்ளி வையுங்கள். அதிலிருந்து 5 செ.மீ. இடைவெளியில் மேலும் ஆறு புள்ளிகள்.
2. ஆசாரி கொண்டுவந்த கிளையையே பலகைமேல் வைத்து அதன் வளைவைச் சுற்றி வரையுங்கள். வளைவு உங்கள் விருப்பப்படி வராது. கிளை தரும் வளைவுக்கு நீங்கள்தான் இணங்க வேண்டும்.
3. ஏழு நூல்களை மேற்சொன்ன நீளங்களுக்கு வெட்டி, புள்ளிகளில் ஆணி அடித்துக் கட்டி, மறுமுனை மருப்பில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மருப்பின் அடியை ஒட்டிக் குட்டை நரம்பு. நுனியில் நீள நரம்பு.
4. மருப்பில் அடுத்தடுத்த குறிகளுக்கு இடையே 4 செ.மீ. குறையக் கூடாது. குறைந்தால் திவவுகள் ஒன்றையொன்று இடிக்கும். கிளையைச் சற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள்.

பத்தர் குடைதல்

1. கட்டையின் வெளிவடிவத்தை வாய்ச்சியால் படகு வடிவில் செதுக்குங்கள். பின்முனையில் கவைக்கடைக்காக 6 செ.மீ. மரத்தைக் குடையாமல் விடுங்கள்.
2. மருப்புப் பக்கம் 12 செ.மீ. கெட்டியான மரமாகவே இருக்கட்டும். மூட்டு இங்கேதான் உட்காரப் போகிறது. பலர் இதையும் சேர்த்துக் குடைந்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தக் கட்டை வேறு எதற்கும் ஆகாது.
3. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் குடையுங்கள். 15 மி.மீ. சுவர் வந்ததும் நிறுத்தி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். உள்ளிருந்த ஈரம் போய் மரம் சற்று நெளியும். நெளிந்து முடிக்கட்டும்.
4. பிறகு சுவரை 7 மி.மீ. வரையும், அடியை 9 மி.மீ. வரையும் இழைக்கவும்.
5. அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு, 7க்கு 10 செ.மீ., நீள்வட்டச் சன்னல் வெட்டுங்கள். நரம்பின் முடிச்சைப் போட இது வேண்டும். பாட்டில் இது இல்லை. குறிப்பேட்டில் எழுதுங்கள்.
6. கவைக்கடையைப் பிறை வடிவில் செதுக்கி இழையுங்கள்.

*எச்சரிக்கை:* உளி ஓடும் திசையில் மறுகையை வைக்காதீர்கள். பத்தரை மடியில் வைத்துக் குடையாதீர்கள். பட்டறை மேசையில் இறுக்கிப் பிடிக்கவும். மரத்தைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

மருப்பும் மூட்டும்

யாழ் உடைந்தால் பெரும்பாலும் இங்கேதான் உடையும். அவசரப்படாமல் செய்யுங்கள்.

1. கிளையின் பட்டையை உரித்து, அடியில் 40 மி.மீ., நுனியில் 22 மி.மீ. பருமனுக்கு இழையுங்கள்.
2. அடிமுனையில் 11 செ.மீ. நீளத்துக்குச் சதுரக் கழுந்து செதுக்குங்கள். வெளியே வர வர மிகச் சிறிதளவு பெருத்திருக்கட்டும்.
3. பத்தரின் கெட்டிப் பகுதியில் அதற்கேற்ற துளை. கழுந்து கையால் தள்ளினால் முக்கால் பங்கு நுழைந்து, மீதிக்கு மரச் சுத்தியல் வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.
4. பக்கவாட்டில் இரண்டு மூங்கில் ஆணிகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. இரும்பு ஆணி வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கறுப்பாக்கும், பிளக்கும்.
5. ஒட்டுவதற்கு வச்சிரம். இரவு முழுவதும் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்சுங்கள். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். 60 பாகை போதும்.

பளுச் சோதனை

தோல் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். பத்தரை மேசையில் இறுக்கிப் பிடித்து, மருப்பு வளைவின் நடுவில் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கயிற்றால் தொங்கவிடுங்கள். சிப்பத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் மட்டும் இருக்கட்டும். கால் அதன் கீழே போகக் கூடாது. நுனியின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து, மறுநாள் காலை பாருங்கள். மூட்டில் 3 மி.மீ.க்கு மேல் இறக்கம் தெரிந்தாலோ, விரிசல் ஒலி கேட்டாலோ, பிரித்து மறுபடி பொருத்துங்கள். மருப்பு முழுவதும் சற்று வளைந்து, சிப்பத்தை எடுத்ததும் திரும்பி வந்தால் நல்லது. உயிருள்ள மரம் அப்படித்தான் இருக்கும்.

தேறியபின் மருப்பை எண்ணெயிட்டுக் கறுப்பாக்குங்கள். திவவு உட்காரும் ஏழு இடங்களில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. அங்கே சொரசொரப்பு வேண்டும்.

போர்வை

ஆட்டுத் தோல், 0.6 முதல் 0.8 மி.மீ. தடிமன். முடி நீக்கிய, உப்பு நன்றாகக் கழுவிய தோலாகக் கேளுங்கள். முதுகெலும்பு ஓடிய கோடு பத்தரின் நீளவாக்கில் நடுவே வர வேண்டும். மான் தோலும் உடும்புத் தோலும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போர்வைக்கு அடியில் நரம்பைத் தாங்க ஒரு நடுக்கட்டை வேண்டும். தேக்கில் 48 செ.மீ. நீளம், 14 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன். வரைபடத்தில் குறித்த ஏழு இடங்களில் 2.5 மி.மீ. துளைகள். துளை விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குங்கள். கூரான விளிம்பு நரம்பை அறுக்கும்.

1. தோலைத் தண்ணீரில் 4 முதல் 6 மணி நேரம் ஊறவையுங்கள். துணி போலத் துவள வேண்டும்.
2. நடுக்கட்டையின் இரு முனைகளையும் பத்தர் விளிம்பில் வெட்டிய குழிவுகளில் வையுங்கள். ஒட்டாதீர்கள், அது தோலோடு சேர்ந்து அசைய வேண்டும்.
3. பத்தரின் வெளிச்சுவரில், விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை வச்சிரம் பூசுங்கள்.
4. தோலைப் போர்த்தி, முதலில் நீளவாக்கில் இரு முனைகளை இழுத்துக் கட்டுங்கள். பிறகு நடுவில் இடம், வலம்; அப்புறம் அவற்றுக்கு இடையில் இடம், வலம். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தோல் கோணிக்கொள்ளும்.
5. 2 செ.மீ.க்கு ஒன்றாக மூங்கில் சுள்ளாணி அடியுங்கள். பாட்டில் வரும் நெருக்கமான துளைகளுக்கு நான் கொள்ளும் பொருள் இது.
6. மூன்று நாள் நிழலில். வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் இறுகி நடு தொய்யும்.
7. காய்ந்தபின் மிஞ்சிய தோலைக் கூரான கத்தியால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குங்கள். விரலை ஓட்டினால் எங்கே தோல் முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று தட்டுப்படக் கூடாது. உருக்கி வார்த்தது போல என்று பாட்டு வைத்திருக்கும் அளவுகோல் இதுவே.
8. சன்னல் வழியாகக் கைவிட்டு, நடுக்கட்டைத் துளைகளின் ஊடே குத்தூசியால் தோலை உள்ளிருந்து வெளியே துளையுங்கள்.
9. பின்பக்கம், கவைக்கடைக்கு 5 செ.மீ. முன்னால் 3 செ.மீ. அகல வட்டமாக வறுவாயை வெட்டுங்கள்.
10. வேலம்பட்டைக் கசாயத்தைப் பஞ்சால் மெல்லியதாக இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள். செம்பழுப்பு நிறம் வரும். ஊற்றாதீர்கள், தோல் மறுபடி இளகும்.

*எச்சரிக்கை:* பதப்படாத தோலைக் கையாளும்போது ரப்பர் கையுறை போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தோல் வேலை வேண்டாம். சுண்ணாம்பில் கிடந்த தோல் என்றால் கண்ணுக்குக் கண்ணாடி.

நரம்பு முறுக்குதல்

பழங்காலத்தில் நரம்பு எதனால் ஆனது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் பட்டை எடுக்கக் காரணம் இரண்டு. பர்மாவின் சவுங்குக்கு மரபாகப் பட்டு நரம்பே கட்டினார்கள். இன்னொன்று, பட்டு முறுக்கத் தெரிந்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னை இழைத்தது போன்ற நரம்பு வேண்டும் என்றால், சாயம் காணாத பட்டைவிடப் பக்கத்தில் வருவது வேறு எதுவும் இல்லை.

காஞ்சிபுரத்தில் சாயம் போடாத, கோந்து நீக்காத பட்டு நூலாகக் கேளுங்கள். சேலைக்குப் போகும் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துக் கோந்தை எடுத்துவிடுவார்கள். அது மென்மையாக இருக்கும், நரம்பானால் ஒலி அமுங்கும்.

பருமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நகைக்கடைத் தராசு ஒன்று வாங்குங்கள். முறுக்கி முடித்த நரம்பு 1 மீட்டர் எடை, குரல், துத்தம், கைக்கிளைக்கு 0.65 கிராம், மற்ற நான்குக்கும் 0.4 கிராம். முதல் மூன்றும் தலா 3.7 கிலோ, மற்றவை தலா 2.3 கிலோ அளவுக்கு இழுக்கும். மேலே சொன்ன 20 கிலோ இந்தக் கூட்டல்தான்.

1. தூணில் ஒரு கொக்கி. 1.6 மீட்டர் தள்ளி, கைத் துளைப்பானில் இன்னொரு கொக்கி.
2. இழைகளைக் கொக்கிகளுக்கு இடையே ஓட்டி, ஒரு புரிக்கு மீட்டருக்கு 0.2 கிராம் (மெல்லிய நரம்புக்கு 0.12) வரும்படி எண்ணிக்கொள்ளுங்கள். எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும்.
3. வலமாக முறுக்குங்கள். இப்படி மூன்று புரிகள்.
4. மூன்றையும் சேர்த்து இடமாக முறுக்குங்கள். நீளம் சற்றுக் குறையும்.
5. விறைப்பு குறையாமல், இளஞ்சூடான நீர்த்த வச்சிரத்தைத் துணியில் நனைத்து முனையிலிருந்து முனைக்கு உருவுங்கள்.
6. கொக்கியிலிருந்து எடுக்காமல், கீழ்முனையில் 5 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு ஓரிரவு வையுங்கள். நீள வேண்டியதெல்லாம் இப்போதே நீளட்டும்.

யாழ் நரம்புக்குப் பழைய நூலோர் நான்கு குற்றம் சொல்வார்கள்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. நரம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது சொரசொரவென்று இழை எழும்பினால் மயிர். மணிபோல ஓர் இடத்தில் தடித்தால் தும்பு. இழைகளைச் சீராக ஓட்டாததன் விளைவு. இறுக்கத்தைத் தளர்த்தியதும் நரம்பு தானாகச் சுருண்டு பாம்பாக நெளிந்தால் முறுக்கு மிகுதி. மூன்று புரியில் ஒன்று மட்டும் மேலே ஏறித் தெரிந்தால், அது கொடும்புரி என்று வைத்துக்கொள்ளலாம். மயிரை வச்சிரம் பூசி அடக்கலாம். மற்ற மூன்றுக்கும் மருந்து இல்லை, வேறு நரம்பு முறுக்குங்கள்.

வீணைக் கம்பி கட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. அதே பருமனுள்ள எஃகு அந்த நீளத்தில் அந்தச் சுருதிக்கு மிக அதிகமாக இழுக்கும். தோல் மேடிட்டுக் கிழியும். ஒத்திகைக்கு மட்டும் மீன் பிடிக்கும் தங்கூசி கட்டிப் பார்க்கலாம்.

திவவு கட்டுதல்

முறுக்காணி இல்லாத காலத்தின் ஏற்பாடு இது. 4 மி.மீ. பருமனுள்ள முறுக்கிய பருத்திக் கயிறு, ஒவ்வொன்றும் 60 செ.மீ.

1. நரம்பின் அடிமுனையில் சிறு மூங்கில் குச்சியைக் கட்டி, சன்னல் வழியாக நடுக்கட்டைத் துளையில் ஏற்றி வெளியே இழுங்கள்.
2. மருப்பில் குறித்த இடத்தில் குங்கிலியப் பொடி தேயுங்கள்.
3. நரம்பின் மேல்முனையைக் கயிற்றின் ஒரு முனையோடு முடிந்து, கயிற்றை மருப்பில் நான்கு சுற்று, ஒன்றை ஒன்று நெருக்கியபடி சுற்றுங்கள்.
4. கடைசிச் சுற்றின் முனையை முதல் சுற்றின் அடியில் செருகி இறுக்குங்கள். மிச்சம் குஞ்சமாகத் தொங்கட்டும்.
5. சுருதி கூட்ட, திவவு முழுவதையும் உள்ளங்கையால் பற்றி மருப்பைச் சுற்றித் திருகுங்கள். திருகும்போது நெகிழ வேண்டும், விட்டதும் பிடிக்க வேண்டும். கைவளை உவமையைப் பாட்டு ஏன் எடுத்தது என்பது அந்தக் கணம் உங்கள் கைக்கே தெரியும்.

முதல் நாள் எல்லா நரம்பையும் நான்கு கட்டை அளவில், ஒரு கட்டை இறக்கியே வையுங்கள். அடுத்த நாள் ஐந்துக்கு ஏற்றலாம். முகத்தை மருப்புக்கு நேரே வைத்துத் திருகாதீர்கள். அறுந்த நரம்பு கண்ணைத்தான் தேடி வரும்.

செம்பாலை கூட்டுதல்

குரலைச் சட்சமாக வைத்தால் செம்பாலை இன்றைய அரிகாம்போதி. எடுத்த எடுப்பில் ஏழு சுரத்தையும் கைப்பேசிச் செயலியில் பார்த்துக் கூட்டாதீர்கள். காதால் இப்படிப் போங்கள்.

1. சுருதிப்பெட்டியோடு குரல்.
2. குரலோடு இளி (சட்சம்–பஞ்சமம்). அதிர்வு அலையடிக்காமல் ஒன்றும் வரை.
3. இளியிலிருந்து கீழே துத்தம்.
4. துத்தத்திலிருந்து மேலே விளரி.
5. குரலிலிருந்து உழை (சட்சம்–மத்திமம்).
6. உழையிலிருந்து அதே இடைவெளியில் தாரம்.
7. விளரியிலிருந்து கீழே கைக்கிளை. பிறகு குரலோடு சேர்த்துச் சுண்டி, இனிக்கும் இடம் வரை ஒரு மயிரிழை இறக்குங்கள்.

தாரத்தை மட்டும் ஏற்றினால் சங்கராபரணம். கைக்கிளையை மட்டும் இறக்கினால் கரகரப்பிரியா. உழையையும் தாரத்தையும் தொடாமல் வாசித்தால் மோகனம். முல்லைப்பண் இதுவே என்பது பலர் கருத்து; முதல் பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கோளாறும் மருந்தும்

ஒலி அமுங்குகிறது: பெரும்பாலும் நடுக்கட்டை பத்தர் விளிம்பில் சிக்கியிருக்கும். சன்னல் வழியாக விரலால் தட்டிப் பாருங்கள். அசையவில்லையென்றால் குழிவை அரத்தால் சிறிது அகலப்படுத்துங்கள்.

ஒரே நரம்பு மட்டும் இரைகிறது: முடிச்சுக் குச்சி நடுக்கட்டையில் சரியாக உட்காரவில்லை. அல்லது தோல் துளையின் விளிம்பில் நரம்பு உரசுகிறது. காய்ச்சிய ஊசியால் துளையைச் சுத்தப்படுத்துங்கள்.

சுருதி மணிக்கு மணி இறங்குகிறது: முதல் வாரத்தில் இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கினால் திவவு நழுவுகிறது. குங்கிலியம் வைத்துச் சுற்றை மறுபடி கட்டுங்கள்.

தோல் நடுவில் மேடிடுகிறது: 5 மி.மீ. வரை சரி. 10 மி.மீ. தாண்டினால் உடனே எல்லா நரம்பையும் தளர்த்துங்கள். தோல் மெல்லியது, மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் சுருதி நிற்கவே இல்லை: நரம்புகளை இரண்டு கட்டை இறக்கி, யாழைப் பருத்தித் துணியில் சுற்றி, அடுப்படிச் சுவரை ஒட்டிய உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் போர்வையில் பூஞ்சை பூக்கும். கச்சேரி இருந்தால் மட்டும், நான்கு நாள் முன்பே எடுத்து, 60 வாட் குண்டு பல்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்து மெல்ல உலர்த்தி, தினம் அரைக்கட்டையாக ஏற்றுங்கள்.